இஸ்திரிப்பெட்டிக்கு முத்திரை, கிலுகிலுப்பைக்கு நம்பிக்கை

கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தை போட்டிருந்த நேரம். ஒரு கடை வாசலில் பிளாஸ்டிக் கூடை நிறையக் கிலுகிலுப்பைகள். உறை இல்லை, அட்டை இல்லை, எந்த நாட்டில் செய்தது என்று ஒரு வரி இல்லை. ஒன்று இரண்டு வெள்ளி, மூன்று எடுத்தால் ஐந்து வெள்ளி. என் பேத்திக்கு அப்போது எட்டு மாதம். கைக்கு எது கிடைத்தாலும் அடுத்த நொடி வாய்க்குப் போகும் பருவம். மஞ்சளாக ஒன்றை எடுத்து நகத்தால் லேசாகச் சுரண்டினேன். நகத்தில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"தம்பி, இதைச் சோதிச்சதுக்குச் சீட்டு ஏதாச்சும் இருக்கா?"

"அக்கா, இது சிங்கப்பூர். உள்ள வந்துட்டாலே எல்லாம் செக் பண்ணித்தான் விட்டிருப்பாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதை உளமார நம்புகிறார். என் மகனும் மருமகளும் அதையே நம்புகிறார்கள். பாலர் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த காலமெல்லாம் நானும் அதை நம்பித்தான் பொம்மைக் கூடைகளைப் பிள்ளைகள் நடுவே கவிழ்த்தேன். குழாயைத் திறந்து தண்ணீரை அப்படியே குடிக்கிறோமே, அதுபோல இந்த ஊரில் யாரும் யோசித்துப் பார்க்காத ஒரு நம்பிக்கை இது. தண்ணீர் விஷயத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. பொம்மை விஷயத்தில் இல்லை. அந்தத் தம்பி சொன்ன ஒரு வாக்கியத்தை மறுக்கத்தான் இந்தக் கட்டுரை.

வீட்டிலிருக்கும் இஸ்திரிப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'சேஃப்டி மார்க்' என்ற முத்திரை இருக்கும். மின்சாரக் கெண்டி, ரைஸ் குக்கர், மேசை விசிறி, முடி உலர்த்தி, எரிவாயு ரெகுலேட்டர் என்று 33 வகைப் பொருள்களுக்கு அந்த முத்திரை கட்டாயம். இவற்றில் ஒன்றை இங்கே விற்க வேண்டுமானால் முதலில் சோதனை நடக்க வேண்டும். தரத்துக்குப் பொருந்துகிறது என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். அதன்பிறகுதான் அது கடைத்தட்டில் ஏறலாம். ஆபத்தில்லை என்று நிரூபிப்பது விற்பவரின் கடமை, அதுவும் விற்பதற்கு முன்பே.

பொம்மை அந்த 33 வகைகளில் இல்லை. அது 2011 ஏப்ரல் 1-இல் நடப்புக்கு வந்த வேறொரு விதித் தொகுப்பின்கீழ் வருகிறது. அனைத்துலகத் தரம், ஐரோப்பியத் தரம், அமெரிக்கத் தரம் ஆகியவற்றில் ஒன்றுக்குப் பொருள் பொருந்தியிருக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் முன்அனுமதி கிடையாது, பதிவு கிடையாது, முத்திரை கிடையாது. பொருந்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது இறக்குமதி செய்பவரின், விற்பவரின் பொறுப்பு. அலுவலகம் சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்துப் பார்க்கும். ஆபத்தென்று தெரிந்தால் விற்பனையை நிறுத்தச் சொல்லும். அந்த உத்தரவை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இஸ்திரிப்பெட்டியிடம் கேள்வி கடைக்கு வருமுன் கேட்கப்படுகிறது. கிலுகிலுப்பையிடம் கேட்டால் கேட்கலாம், அதுவும் பிள்ளை அதைச் சப்பிய பிறகு.

அப்படியானால் "செக் பண்ணித்தான் விட்டிருப்பாங்க" என்பதில் வரும் அந்த "அவங்க" யார்? கடைக்காரர் அரசாங்கத்தை நினைத்துச் சொல்கிறார். அரசாங்கத்தின் விதி கடைக்காரரையும் இறக்குமதியாளரையும் கை காட்டுகிறது. இறக்குமதியாளர் ஆலையை நம்புகிறார். ஆலை, சாயம் விற்றவரை. இந்த வரிசையில் யாரும் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்தாலே போதும், யாருமே பார்க்காத ஒரு பொருள் எட்டு மாதப் பிள்ளையின் வாய்க்கு வந்து சேர்ந்துவிடும்.

கெண்டிக்கும் பொம்மைக்கும் ஏன் இந்த வேறுபாடு? எனக்குப் புரிந்தவரை ஒரே காரணம்தான். கெண்டியின் கோளாறு சத்தம் போடும். மின்சாரம் தாக்கினால் ஆள் விழுவார். வயர் உருகினால் புகை வரும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியில் தீப்பிடித்தால் மறுநாள் நாளிதழில் படம் வரும். பொம்மையிலிருந்து இறங்கும் ஈயம் இப்படி எதையும் செய்வதில்லை. பிள்ளை சிரித்துக்கொண்டே சப்பும். மாலையில் நன்றாகத் தூங்கும். நம் விதிகள் கண்ணுக்குத் தெரியும் விபத்தை நினைத்து எழுதப்பட்டவை. ஓசையில்லாமல் நடக்கும் சேதத்துக்கு அவற்றில் இடம் இல்லை.

அந்த மஞ்சளில் ஈயம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல என்னால் முடியாது. பார்த்து, முகர்ந்து, தடவி, விலையை வைத்து யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் என் வழக்கே. ஆனால் மஞ்சளைப் பார்த்ததும் நகத்தால் சுரண்டிப் பார்த்ததற்குக் காரணம் இருக்கிறது. பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் மலிவாகத் தருவதில் ஈயக் குரோமேட்டுக்கு நிகரான சாயம் குறைவு. ஒரே பூச்சில் அடிநிறத்தை மறைக்கும், வெயிலில் வெளுக்காது. பிவிசி பிளாஸ்டிக் சூட்டிலும் வெளிச்சத்திலும் சிதைந்துவிடாமல் இருக்க ஈயச் சேர்மங்களையும் காட்மியச் சேர்மங்களையும் கலப்பது பழைய வழக்கம். அழுத்தினால் கீச்சிடும் மெத்தென்ற வாத்துப் பொம்மையின் கதை வேறு. பிவிசி இயல்பில் விறைப்பானது. தாலேட்டுகள் என்ற எண்ணெய்ப் பசையுள்ள வேதிப்பொருள்களைச் சேர்த்துத்தான் அதை மெத்தென்று ஆக்குகிறார்கள். அவை பிளாஸ்டிக்கோடு பிணைந்து நிற்பதில்லை. பஞ்சில் ஊறிய எண்ணெய்போல உள்ளே இருக்கின்றன. பிழிந்தால், எச்சில் பட்டால், சூடு பட்டால் வெளியே வருகின்றன. ஆண் குழந்தைகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியை அவை பாதிக்கக்கூடும் என்ற கவலையில், மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் ஆறு தாலேட்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 1999 டிசம்பரில் அவசரமாகத் தடை செய்தது. 2005-இல் தடையை நிரந்தரமாக்கியது. அங்கேயும் அமெரிக்காவிலும் வரம்பு எடையில் 0.1 விழுக்காடு. மென்மையாக்கிய பிவிசியிலோ இந்தப் பொருள் பத்துகளில் எண்ணும் விழுக்காட்டில் இருக்கும். வரம்பை மீறிய பொம்மை என்றால் ஏதோ நூலிழை மீறியது என்று நினைக்க வேண்டாம்.

"எவ்வளவூண்டு போகப்போகிறது உள்ளே?" என்று என் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். பெரியவர் உடம்பு வாங்கிக்கொள்வதைப்போல் நான்கைந்து மடங்கு ஈயத்தைச் சிறுபிள்ளையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணம் எளிது. வளரும் உடம்பு கால்சியத்துக்கு ஏங்குகிறது. ஈயத்தைக் கால்சியம் என்றே நினைத்து உள்ளே விடுகிறது. எலும்பில் சேர்த்து வைக்கிறது. மூளை தன் இணைப்புகளைப் போட்டுக்கொண்டிருக்கும் அதே மாதங்களில்தான் பிள்ளை எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை என்பதே அந்த நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்கா கவலைக்குரியது என்று வைத்திருந்த ரத்த ஈய அளவைப் பாருங்கள்: 1960-களில் ஒரு டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம். 1991-இல் அது 10. 2012-இல் 5. 2021-இல் 3.5. கூர்ந்து பார்க்கப் பார்க்க, "இவ்வளவூண்டு" என்று விட்டதெல்லாம் அதிகமாகத் தெரிந்தது. ஒருமுறைகூட அந்த எண் மேலே ஏறவில்லை.

அடுத்து வருவதுதான் நான் அதிகம் கேட்ட வாதம். "நாங்களெல்லாம் இதை வைத்து விளையாடித்தானே வளர்ந்தோம்? யாருக்கு என்ன ஆகிவிட்டது?"

இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது நூற்றாண்டைக் கடந்த வாதம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பன் நகரில் பிள்ளைகள் கைகால் விழுந்தும் பார்வை மங்கியும் மருத்துவமனைக்கு வந்தார்கள். அது ஈய நஞ்சு என்று 1892-இல் டர்னர் உள்ளிட்ட மருத்துவர்கள் எழுதினார்கள். ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. 1904-இல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் வழியைக் கண்டுபிடித்துச் சொன்னார்: தாழ்வாரக் கம்பிகளில் பூசிய பெயிண்ட் வெயிலில் பொடிந்து பிள்ளைகளின் கையில் ஒட்டுகிறது, கை வாய்க்குப் போகிறது. நம் வீட்டுத் தாழ்வாரத்திலா என்று பலர் நம்ப மறுத்தார்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் ஈயப் பெயிண்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் குவீன்ஸ்லாந்தில் வந்தது 1922-இல். கிப்சன் சொல்லிப் பதினெட்டு ஆண்டு கழித்து.

அது கண்ணுக்குத் தெரிந்த நோய். தெரியாததைக் காட்டியவர் ஹெர்பர்ட் நீடில்மன். பாஸ்டனுக்கு அருகிலுள்ள செல்சி, சாமர்வில் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் விழுந்த பால் பற்களை வாங்கி, அவற்றில் ஈயம் எவ்வளவு என்று அளந்தார். ஈய நஞ்சு என்று மருத்துவரிடம் போன பிள்ளைகள் அல்லர் அவர்கள். அந்த வாதத்தின்படி 'ஒன்றும் ஆகாதவர்கள்'. ஆனால் பல்லில் ஈயம் கூடுதலாக இருந்தவர்கள் அறிவுத்திறன் சோதனையில் குறைவாக எடுத்தார்கள். கவனம் சிதறுகிறது, சொன்னதைப் பின்பற்ற முடியவில்லை என்று ஆசிரியர்கள் அவர்களைத்தான் குறித்திருந்தார்கள். ஆய்வு வெளிவந்தது 1979-இல். ஈயத் தொழில் பக்கம் நின்றவர்கள் அவர்மீது ஆய்வு முறைகேடு என்று குற்றஞ்சாட்டினார்கள். விசாரணையில் அது நிற்கவில்லை.

வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு கதையின் நடுவில் எழுந்து போய்விடும் பிள்ளை, மூன்று வார்த்தை சொன்னால் முதல் வார்த்தையை மறந்துவிடும் பிள்ளை. அவர்களுக்கு ஈயம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் நாம் ஒருமுறையாவது கேட்டோமா? சிங்கப்பூரில் ஈயத்தோடு வேலை பார்க்கும் தொழிலாளியின் ரத்தத்தைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் எடை உண்டு, உயரம் உண்டு, தலைச் சுற்றளவு உண்டு, தடுப்பூசிக் கட்டங்கள் உண்டு. ரத்த ஈயத்துக்குக் கட்டம் இல்லை. அளக்காமலே "யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை" என்கிறோம். பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளுக்கு நம் குடும்பங்கள் ஆண்டுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 180 கோடி வெள்ளி என்று 2023-ஆம் ஆண்டின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு காட்டியது. ஆறு வயதில் நான்கு மதிப்பெண் கூட்டுவதற்கு இவ்வளவு செலவழிக்கும் சமூகம், எட்டு மாதத்தில் அந்த நான்கைப் பறிக்கக்கூடிய ஒன்றைப் பற்றி இரண்டு வெள்ளிக் கவலைகூடப் படாமல் இருப்பது எனக்கு ஆறவில்லை.

கண்ணுக்குத் தெரியும் சேதத்துக்காகக் காத்திராமல் நடவடிக்கை எடுக்க இந்த நாட்டுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1991-இல் ஈயமில்லா பெட்ரோலைக் கொண்டுவந்து, 1998-இல் ஈயப் பெட்ரோலையே இங்கே நிறுத்தினார்கள். சிராங்கூன் சாலையில் யாரும் மயங்கி விழுந்ததற்காக அல்ல. அந்தத் தெளிவு பொம்மைக் கூடைக்கு வரும்போது எங்கே போயிற்று?

கொஞ்சம் வசதியானவர்கள் வேறு பதில் வைத்திருக்கிறார்கள். "சந்தையில் வாங்காதே, பெரிய கம்பெனி பொம்மையை வாங்கு." அவர்கள் 2007-ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் மட்டெல் நிறுவனம் தன் ஃபிஷர்-பிரைஸ் பொம்மைகளில் உலகம் முழுக்க 15 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. காரணம், பெயிண்டில் ஈயம். பிள்ளைகளின் தொலைக்காட்சி நாயகர்கள் படம் போட்ட, பெயர்பெற்ற கடைகளில் விற்ற பொம்மைகள். செய்த ஆலை, மட்டெலோடு பதினைந்து வருடம் தொழில் செய்த ஃபோஷான் நகரத்து ஆலை. விஷயம் வெளியே வந்தது மட்டெலின் கண்காணிப்பால் அல்ல. ஐரோப்பியச் சில்லறைக் கடை ஒன்று விற்பனைக்கு முன் செய்வித்த சோதனையால். ஆலை முதலாளிகளில் ஒருவர் அந்த மாதமே தூக்கிட்டுக்கொண்டார். அதே ஆண்டு நவம்பரில் 'பிண்டீஸ்' மணிகள். தண்ணீர் தெளித்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன மணிகள். ஆஸ்திரேலியாவில் அந்த ஆண்டின் சிறந்த பொம்மை என்று விருது வாங்கியவை. பசையில் சேர வேண்டிய வேதிப்பொருளுக்குப் பதில் அதைவிட மலிவான இன்னொன்றை ஆலையில் சேர்த்துவிட்டார்கள். விழுங்கினால் அது உடம்புக்குள் மயக்க மருந்தாக மாறும். பிள்ளைகள் நினைவிழந்து மருத்துவமனைக்குப் போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், ரீபாக் காலணியோடு இலவசமாக வந்த கைச்சங்கிலியின் இதய வடிவப் பதக்கத்தை விழுங்கி இறந்தான். பதக்கத்தில் 99 விழுக்காடு ஈயம். இவற்றுக்குப் பிறகுதான் 2008 ஆகஸ்டில் அமெரிக்கா சட்டம் போட்டது: பிள்ளைகளுக்கான பொருளை வெளி ஆய்வுக்கூடம் சோதித்தபிறகே விற்கலாம். பெரிய பெயரும் பெரிய விலையும் போதாது என்று அந்த நாடு கற்றுக்கொள்ள ஒரு பிள்ளையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சாரார், நம்மவர்கள், "பிளாஸ்டிக்கே வேண்டாம், மரப்பாச்சி வாங்குங்கள், சென்னபட்டணா பொம்மை வாங்குங்கள்" என்கிறார்கள். நல்ல செஞ்சந்தன மரப்பாச்சியும், அரக்கில் இயற்கைச் சாயம் ஏற்றிக் கடைந்த சென்னபட்டணா பொம்மையும் எனக்கும் பிரியமானவை. ஆனால் மரத்தின் மேல் பூசியிருப்பது என்ன என்ற கேள்வி மரத்துக்கும் உண்டு. பழையது என்பதே சான்றாகாது என்பது நம் அடுக்களைக்கே தெரியும். ஈயச்சொம்பில் ரசம் வைத்த பரம்பரை நாம். வெள்ளீயமா காரீயமா என்பதில் உயிர் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஈயம் என்றே பேர், இரண்டும் பார்க்க ஒன்றுபோல. காரீயம் கலந்த சொம்பிலும் ரசம் மணக்கத்தான் செய்யும்.

இந்த விவாதத்தில் யாரும் பேசாத ஒரு பக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை சையது ஆல்வி சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஊருக்குப் போகும் தொழிலாளர்கள் பெட்டி கட்டச் சாமான் வாங்குவார்கள். கோடாலித் தைலம், சாக்லேட், சோப்பு, பிறகு ஒரு பொம்மை. இரண்டு வெள்ளி மூன்று வெள்ளிப் பொம்மைகளை எடுத்து எடுத்து வைத்து, கைப்பேசியில் ஊருக்கு வீடியோ போட்டு, "இதா? இதா பாப்பா?" என்று கேட்டு வாங்குகிற தகப்பன்மாரை நான் பல வாரம் பார்த்திருக்கிறேன். அறந்தாங்கிக்கும் பட்டுக்கோட்டைக்கும் அந்தப் பொம்மை போகும். அங்கே அதற்கு ஒரு மரியாதை உண்டு: சிங்கப்பூர்ச் சாமான். ஊரில் அந்தச் சொல்லே தரமுத்திரை.

இப்போது யோசியுங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்தச் சட்டம் வந்ததற்குப் பின்னணி உண்டு. 2019-இல் இந்தியத் தரக் குழுமம் டெல்லிப் பகுதிச் சந்தைகளில் 121 வகைப் பொம்மைகளை வாங்கிச் சோதித்தது. மூன்றில் இரண்டு தேறவில்லை. முத்திரை வந்ததாலேயே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2023 ஜனவரியில் ஒரே மாதத்தில் முத்திரையில்லாத 18,600 பொம்மைகளை அங்கே பறிமுதல் செய்தார்கள். சில பெரிய அங்காடிகளிலிருந்தும் விமான நிலையக் கடைகளிலிருந்தும் எடுத்தவை. ஆனால் பறிமுதல் செய்ய அங்கே ஒரு சட்டமாவது இருக்கிறது. அறந்தாங்கிக் கடைத்தெருவில் முத்திரை கேட்டு வாங்கக்கூடிய ஒரு தாய், தகப்பன் பெட்டியில் வந்த பொம்மைக்கு முத்திரை கேட்க மாட்டாள். சிங்கப்பூர் என்ற பேரே போதும் அவளுக்கு. நாம் கொடுக்காத உத்தரவாதத்தை நம் பேரில் அவள் நம்புகிறாள்.

வணிகர்களின் பக்கத்து வாதத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் எல்லாவற்றையும் இறக்குமதி செய்யும் ஊர். ஒவ்வொரு பொம்மைக்கும் சான்று கேட்டால் விலை ஏறும், லிட்டில் இந்தியாவின் சின்னக் கடைகள் தாங்காது என்கிறார்கள். முதலில், யாரும் ஒவ்வொரு பொம்மையையும் சோதிக்கச் சொல்லவில்லை. ஒரு மாதிரிக்கு ஒரு சோதனை. செலவு அந்த மாதிரியின் ஆயிரக்கணக்கான பொம்மைகளுக்குப் பகிர்ந்துபோகும். சோதிக்க வேண்டியவர் இறக்குமதியாளர். கடைக்காரர் தாளைக் கேட்டு வாங்கி வைத்தால் போதும். இரண்டாவது, அக்கம்பக்கம் பார்க்கட்டும். மலேசியாவில் பொம்மைப் பாதுகாப்பு விதிகள் 2009-இல் வந்தன. பொம்மையில் 'எம்சி' குறி இருக்க வேண்டும். இந்தோனேசியாவில் 2014 முதல் 'எஸ்என்ஐ' குறி. உலகத்துக்கே பொம்மை செய்யும் சீனா, தன் நாட்டுக்குள் விற்கும் பல வகைப் பொம்மைகளுக்கு 2007 ஜூன் முதல் கட்டாயச் சான்று கேட்கிறது. ஜப்பான் ஒரு படி மேலே போய், ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வாயில் வைக்கக்கூடிய பொம்மைகளை உணவுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் வைத்திருக்கிறது. வாய்க்குள் போவது உணவு மாதிரிதானே என்ற தாய்மாரின் புத்தி அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஜொகூரில் குறி கேட்கிறார்கள், பாத்தாமில் குறி கேட்கிறார்கள், சென்னையில் முத்திரை கேட்கிறார்கள். குறி வாங்க முடியாத சரக்கு இவற்றுக்கு நடுவில் குறி கேட்காத ஒரு துறைமுகத்தைத் தேடினால் எங்கே வந்து இறங்கும்?

அலுவலகம் மாதிரி எடுத்துச் சோதிக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெயரில்லாத, உறையில்லாத, அடுத்த மாதம் வேறு உருவத்தில் வரப்போகும் பொம்மையை எப்படித் திரும்பப் பெறுவது? யாரிடமிருந்து? வாங்கியவரிடம் ரசீதுகூட இருக்காது. இணையத்தில் வாங்குவதோ இன்னும் சிக்கல்: விற்பவர் வெளிநாட்டில், பொட்டலம் நேரே வாசலுக்கு. ஐரோப்பியப் பயனீட்டாளர் அமைப்புகள் 2020-இல் இணையச் சந்தைகளில் பொம்மைகள் உட்பட 250 பொருள்களை வாங்கிச் சோதித்ததில் மூன்றில் இரண்டு பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தவில்லை. பதிவு எண் இல்லாத பொம்மையை விற்பனைப் பக்கத்தில் ஏற்றக்கூடாது என்று விதி இருந்தால் அந்த இணையத்தளத்தைக் கேள்வி கேட்கலாம். இன்று அவர்களிடம் எந்த எண்ணைக் கேட்பது?

"பெற்றோர் பார்த்து வாங்க வேண்டும்" என்பதை நான் ஏற்கமாட்டேன். பார்த்து வாங்கு என்றால் எதைப் பார்த்து? சில பொம்மைகளில் 'நச்சற்றது' என்று அச்சடித்திருக்கிறது. அதை அச்சடிக்க யாரிடமும் அனுமதி வேண்டியதில்லை. ஐரோப்பாவின் 'சிஇ' குறிகூடப் பெரும்பாலும் செய்தவரே தன் பொருளுக்குத் தரும் வாக்குறுதி. கண்ணால் காண முடியாத ஒன்றைக் காணச் சொல்லிவிட்டு, காணாததற்குத் தாயைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. லெம்பு சாலைத் திடலில் ஞாயிறுதோறும் கூடுகிறார்களே வங்காளதேசத் தொழிலாளர்கள், அவர்கள் நாட்டில் நடந்தது. மஞ்சள் கிழங்கு பளபளக்க ஈயக் குரோமேட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பொம்மைக்குப் பூசும் அதே மஞ்சள் சாயம். கர்ப்பிணிகளின் ரத்தத்திலிருந்த ஈயத்துக்கு அதுதான் மூலம் என்று 2019-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அரசு எச்சரிக்கை அறிவிப்புகளை ஒட்டியது. டாக்காவின் மொத்தச் சந்தைக்குள் அதிகாரிகள் கைக்கருவியோடு போனார்கள். எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, சில நொடிகளில் ஈயம் இருக்கிறதா என்று காட்டும் கருவி. பார்க்கத் துளையிடும் இயந்திரம் மாதிரி இருக்கும். குற்றம் செய்தவர்களுக்கு அபராதம் போட்டார்கள். 2019-இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. 2021-இல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. இரண்டு ஆண்டு. நம் அளவுக்குப் பணமோ ஆய்வுக்கூடங்களோ இல்லாத நாடு.

தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். தம்பிக்கு என்னை நினைவிருந்தது. அவரே பேச்சை எடுத்தார்.

"நீங்க கேட்டீங்கன்னு சப்ளையர்கிட்ட நானும் கேட்டேன்கா. 'வேணும்னா எடு, இல்லாட்டி விடு'ன்னுட்டான். நான் மாசம் நாலு பெட்டி எடுக்குற ஆளு. என் பேச்சு எங்க எடுபடும்? சட்டம்னு ஒண்ணு இருந்தா அவனே தாளைக் கொண்டாந்து கொடுப்பான்."

சின்னக் கடைகளுக்காகப் பேசுவதாகச் சொல்பவர்கள் ஒரு சின்னக் கடைக்காரரிடம் இதைக் கேட்டிருக்கலாம். சட்டம் வந்தால் அவருக்கு நட்டம் என்கிறார்கள். அவரோ சட்டம் இல்லாததால்தான் சப்ளையர் முன்னால் கைகட்டி நிற்கிறார்.

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளை, வாயில் வைக்கும் பருவத்துப் பொருள்கள் அனைத்தையும், அந்த 33 வகைகளுக்குப் பக்கத்தில் 34-ஆவதாகச் சேர்க்க வேண்டும். கெண்டியிடம் கேட்கும் அதே சோதனை, அதே சான்று, அதே பதிவு. விதி திருத்தக் காலம் எடுக்கும் என்றால், அதுவரை சந்தைக் கடை நடத்த அனுமதி கொடுக்கும்போதே, உறையும் முகவரியும் இல்லாத பொம்மையை வைக்கக்கூடாது என்று ஒரு நிபந்தனை எழுதலாம். கேம்பல் லேனில் விளக்குத் தோரணம் கட்டும் வாரத்தில் இரண்டு அதிகாரிகள் அந்தக் கைக்கருவியோடு ஒரு மாலை நடந்து வரலாம். சீனப் புத்தாண்டுக்குச் சைனாடவுனிலும் நோன்பு மாதத்தில் கேலாங் சிராயிலும் அப்படியே. எதில் என்ன இருந்தது என்பதைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் வங்காளத்திலும் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்.

அந்த மஞ்சள் கிலுகிலுப்பையை இரண்டு வெள்ளி கொடுத்து வாங்கி வந்தேன். பேத்திக்குக் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன், சோதிக்க எடுத்துக்கொள்கிறோம் என்று யாராவது கேட்டால் கொடுக்க.